கமாண்டர் வண்டியின் சுவிட்ச்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆன பிறகு, அவரை ஒரு தடவை பயமுறுத்திப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்தது. ஆசை என்றுதான் சொல்ல வேண்டும். சிலருக்குக் கடல் பார்க்க ஆசை, சிலருக்கு மாடி வைத்து வீடு கட்ட ஆசை. எனக்கு, அந்த மனிதர் சாவதற்குள் ஒரே ஒரு முறை, நாங்கள் பயந்த மாதிரி அவர் பயப்படுவதைப் பார்த்துவிட வேண்டும். அதற்கு மேல் எதுவும் வேண்டாம். சொத்துகூட வேண்டாம். சொத்து என்று பெரிதாக ஒன்றும் கிடையாது என்பது வேறு விஷயம்.

தெருவில் அவருக்குக் கமாண்டர் என்று பெயர். எந்தப் படையிலும் இருந்தவரில்லை. ஒரு சரக்குக் கிடங்கில் பன்னிரண்டு காவலாளிகளுக்கு மேற்பார்வையாளர், அவ்வளவுதான். காக்கிச் சட்டையும் முறுக்கின மீசையும் அந்தப் பெரிய மோட்டார் சைக்கிளும் சேர்ந்து பட்டத்தைக் கொடுத்துவிட்டன. வீட்டில் புலி வெளியில் எலி என்பார்கள். இவர் வெளியில் எலிகூட இல்லை, எல்லோர் மடியிலும் ஏறி உட்காரும் பூனைக்குட்டி. யார் வீட்டில் சாவு என்றாலும் முதல் ஆளாக நிற்பார். "உங்க அப்பா மாதிரி ஒரு மனுஷன் எங்க கிடைப்பாரு" என்று என்னிடமே சொல்லிக் கண் கலங்கியவர்கள் உண்டு. நானும் தலையாட்டியிருக்கிறேன்.

தினம் சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருமுனையில் அந்த வண்டிச் சத்தம் கேட்கும். முனையில் கியரைக் குறைப்பார், எஞ்சின் ஒரு தடவை இருமும். அந்த இருமல் கேட்டதும் அம்மா என்னையும் தம்பியையும் பின் அறைக்குள் தள்ளி, கதவை வெளியே தாழ் போட்டுவிடுவாள். நாங்கள் கட்டிலுக்கு அடியில் போய்விடுவோம். நான் தம்பியின் காதுகளைப் பொத்திக்கொள்வேன். என் காதைப் பொத்த ஆளில்லை. அதனால் முன்வாசலில் நடந்த எதையும் நான் கண்ணால் பார்த்ததில்லை, காதால் கேட்டிருக்கிறேன். பெல்ட், பாத்திரம், சுவர். மீதியை மறுநாள் காலையில் அம்மாவின் முகத்தில் படித்துக்கொள்ளலாம். "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்பாள் அவள். எனக்கு நாற்பத்தொரு வயது ஆகிறது. அணைத்து நான் பார்க்கவில்லை. கல்யாணம் என்று பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு வண்டிச் சத்தம்தான் கேட்கும், அதனால் அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போது கமாண்டர் முன் அறையில் ஜன்னலோரக் கட்டிலில் கிடக்கிறார். வலது கை கால் இல்லை என்றே ஆகிவிட்டது, பேச்சும் போய்விட்டது. போன மாதம் வந்து பார்த்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இதயம் ரொம்ப பலவீனமா இருக்கும்மா. ரெண்டு மூணு மாசம் தாங்கினா அதிகம். ஆனா காது நல்லா கேக்குது. நீங்க பேசற ஒவ்வொண்ணும் அவருக்குப் புரியும். அதனால பக்கத்துல உக்காந்து பேசிட்டு இருங்க."

ஆறுதலாகத்தான் சொன்னார் பாவம். எனக்கு அதில் வேறு விஷயம் கேட்டது. எல்லாம் கேட்கும், எல்லாம் புரியும், எழுந்து ஓட மட்டும் முடியாது. கட்டிலுக்கு அடியில் இருந்த எங்கள் நிலைமையும் அதுதானே.

வண்டி பக்கத்துச் சந்தில் தார்பாய்க்குள் கிடந்தது. சாவி மாட்டினபடியே இறுகிப்போய் இருந்தது, எந்தப் பக்கமும் திரும்பாது. அதை விற்க ஆள் பிடித்துக்கொண்டு வந்தது என் தம்பி. அவன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான், இரண்டு தெரு தள்ளிக் குடும்பத்தோடு இருக்கிறான்.

"அக்கா, பல் டாக்டர் ஒருத்தர் பழைய வண்டியாத் தேடித் தேடிச் சேத்து வெக்கிறார். ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்கார். ஒரே கண்டிஷன். அந்தப் பழைய சாவி சுவிட்சே வேலை செய்யணுமாம். கடையில குடுத்தா உடைச்சுப் போட்டுட்டுப் புதுசு மாட்டிருவானுங்க. நீதானே இந்த மாதிரி நுணுக்க வேலையெல்லாம் செய்யறவ."

"சரி, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "நீ திட்டுவேன்னு நெனச்சேன். அந்த வண்டி பக்கமே வரமாட்டியே நீ."

"விக்கிறதுக்குத்தானே. சனியன் தொலையட்டும்."

பொய். அவன் போனதும் எனக்குக் கை பரபரத்தது. புது பிளக் மாட்டி, பெட்ரோல் ஊற்றி, எப்படி உதைக்க வேண்டும் என்று காட்டிவிட்டும் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் ஒரு சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த எஞ்சினை வாசலில் உறும விட வேண்டும். பூட்ஸ் காலோடு தட்தட்டென்று உள்ளே போக வேண்டும். சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு கட்டிலுக்கு மேலே குனிந்து நிற்க வேண்டும். அவர் எப்படி நிற்பாரோ அப்படி. கம்பெனி கொடுத்த பாதுகாப்பு பூட்ஸ் எனக்கும் ஒரு ஜோடி இருந்தது.

நான் மின்சார மீட்டர் பழுது பார்க்கும் பிரிவில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். நாள் முழுக்கப் பித்தளைத் தகடும் கரண்டு தொடுகிற வெள்ளிப் பொட்டும் மயிரிழை ஸ்பிரிங்கும்தான். ஒரு மோட்டார் சைக்கிள் சுவிட்ச் எனக்குச் சுண்டைக்காய். வியாழக்கிழமை லீவு போட்டேன். ஹெட்லைட்டின் வளையத்தைக் கழற்றி, வயர்களின் நிறத்தைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு, சுவிட்சைத் தனியாக எடுத்தேன். எடுத்ததை வேறு எங்கும் கொண்டுபோகவில்லை. நேராக அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் ஒரு வெள்ளைத் தட்டை வைத்து, அவர் கண்ணுக்கு நேராக உட்கார்ந்தேன்.

"தெரியுதாப்பா இது என்னன்னு?"

தெரிந்தது. கண் அதைவிட்டு நகரவில்லை.

அம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள். தட்டில் இருந்ததைப் பார்த்தாள். "அதை எதுக்கு இப்ப நோண்டற? அது பாட்டுக்குக் கெடக்கட்டுமே பாப்பா."

"விக்கணும்னு தம்பி சொன்னான்ல."

"வித்தா சரிதான்" என்று சொல்லிவிட்டு அவருக்கு ஊட்ட ஆரம்பித்தாள். ஒரு கரண்டி, ஒரு துடைப்பு. அவர் துப்பினதையும் கையிலேயே ஏந்தினாள். இந்தப் பொறுமையைப் பார்த்துத்தான் நான் வளர்ந்தேன், அதைக் கண்டாலே எனக்கு ஆகாது.

முதலில் பூட்டு. சாவித் துவாரத்தில் மண்ணெண்ணெய் விட்டு ஊற வைத்து, பிளாஸ்டிக் சுத்தியலால் தட்டினேன். துருவும் பழைய கிரீஸும் காது அழுக்கு மாதிரி வந்துகொண்டே இருந்தன. அரை மணி நேரத்தில் சாவி நெகிழ்ந்தது. பென்சில் கரியைச் சுரண்டிச் சாவியின் பல்லில் தடவி நாலு முறை உள்ளே விட்டு எடுத்ததும், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி திரும்பியது.

பிறகு சுவிட்சின் முதுகு. மடித்து விட்டிருந்த மூன்று தகட்டுக் காதுகளை மெல்லிய ஸ்குரூ டிரைவரால் நெம்பினேன். மூடி திறந்த அந்த நொடியில் உள்ளே இருந்த குட்டி இரும்புக் குண்டும் ஸ்பிரிங்கும் தெறித்து ஓடின. குண்டு அப்பாவின் போர்வை மடிப்பில் கிடைத்தது. ஸ்பிரிங் போயே போய்விட்டது. தரையெல்லாம் தடவிப் பார்த்து அலுத்து, என் பெட்டியிலிருந்து மீட்டர் ஸ்பிரிங் ஒன்றை வெட்டிப் போட்டேன். கொஞ்சம் மெத்தென்றுதான் இருந்தது. போதும் என்று நினைத்தேன்.

பித்தளைத் தகடுகள் கறுத்திருந்தன. எங்கள் பிரிவில் இதற்கு உப்புத்தாள் போடமாட்டோம், கீறல் விழும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பென்சில் எழுத்தை அழிக்கிற வெள்ளை ரப்பர்தான். தேய்க்கத் தேய்க்கப் பித்தளை பொன்னாக வந்தது. ஸ்பிரிட்டில் துடைத்தேன். அடுத்தது கிரீஸ். அதற்கும் எங்களிடம் ஒரு முறை உண்டு: ஓடுகிற இடம் கண்ணாடியாக இருக்கணும், நிற்கிற இடத்தில் கிரீஸ் அடைத்து வைக்கணும். அதாவது ஆனில் கரண்டு போகும், அங்கே துளிகூட ஒட்டக்கூடாது. ஆஃபில் ஒன்றும் போகாது, அங்கே அழுக்கும் ஈரமும் ஏறாமல் கெட்டி கிரீஸை அப்பிவிடலாம். பதினெட்டு வருடமாக ஆயிரக்கணக்கில் செய்த கை. ஆஃப் என்று இருந்த பொட்டின் மேல் சுண்டுவிரலால் தாராளமாக அப்பினேன்.

அப்போதுதான் அப்பா சத்தம் போட்டார். "ங்... ங்ஆ..." இடது கை கட்டிலைத் தட்டியது. தலை இப்படியும் அப்படியும் ஆடியது. கண்ணில் தண்ணீர்.

எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அந்தச் சந்தோஷத்தை மறைத்துச் சொல்லப் போவதில்லை. "என்னப்பா? பயமா இருக்கா?" என்று குனிந்து கேட்டேன். அவர் தட்டையும் என் விரலையும் மாறி மாறிப் பார்த்து இன்னும் வேகமாகத் தட்டினார். "இப்பவே இப்படின்னா எப்படி? சாயங்காலம் இருக்கு பாருங்க." இன்னொரு விரல் கிரீஸ் எடுத்து, அவர் பார்க்கப் பார்க்க அப்பினேன். மூடியை வைத்துக் காதுகளை மடித்தேன். டெஸ்டரை ஆனில் மட்டும் வைத்துப் பார்த்தேன், பீப் என்றது. ஆஃபில் பார்க்க என்ன இருக்கிறது?

சுவிட்சைத் திரும்ப வண்டியில் பொருத்தி, சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு வண்டியை உருட்டி வாசற்படிக்கு முன்னால், அவருடைய ஜன்னலுக்கு நேர் கீழே நிறுத்தி ஸ்டாண்ட் போட்டேன். பூட்ஸை மாட்டிக்கொண்டேன். அம்மா பின்பக்கம் சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளிடம் எதுவும் சொல்லவில்லை. இது எனக்கும் அவருக்கும் உள்ள விவகாரம் என்று நினைத்தேன். இந்த வீட்டில் மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறாள் என்பதே என் திட்டத்தில் கிடையாது. கெடுவான் கேடு நினைப்பான் என்று சும்மாவா சொன்னார்கள்.

ஆறு மணி. சாவியை ஆனுக்குத் திருப்பினேன். பத்து உதை வீண். பதினோராவது உதையில் எஞ்சின் பிடித்தது.

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. என் பற்கள் அதிர்ந்தன. நான் முறுக்கினேன், விட்டேன், மறுபடி முறுக்கினேன். இருமியது. அதே இருமல். ஜன்னல் பக்கம் திரும்பி அவர் முகத்தைத் தேடினேன், திரைச்சீலைதான் தெரிந்தது. சரி, உள்ளே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கப் போனபோது, வாசலில் யாரோ நின்றார்கள்.

அம்மா. எழுபது வயதில் அந்த வலிக்கிற முழங்காலோடு அவள் அப்படி ஓடி வருவாள் என்று நான் நினைத்ததே இல்லை. மூச்சு வாங்கியது. விரல்களில் சாப்பாடு ஒட்டியிருந்தது, அவசர அவசரமாகச் சேலையின் பின்பக்கம் துடைத்துக்கொண்டாள். நிலைப்படிக்கு இந்தப் பக்கம் கால்களைச் சேர்த்து வைத்து, தலையைக் குனிந்து, இரண்டு கையையும் ஏந்தி நீட்டி நின்றாள்.

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது. எஞ்சின் நிற்பதற்குள் வாசலுக்கு வந்து சாவியைக் கையில் வாங்க வேண்டும். இதுதான் தினமும் ஆறு மணிக்கு நடந்திருக்கிறது. தாழ் போட்ட கதவுக்குப் பின்னால் கிடந்த எனக்கு இது தெரியவே தெரியாது.

"அம்மா, நான்தாம்மா!" என்று கத்தினேன். அவள் நிமிரவில்லை.

சாவியை ஆஃபுக்குத் திருப்பினேன். எஞ்சின் நிற்கவில்லை.

மறுபடி ஆன், மறுபடி ஆஃப். ஆட்டினேன், அழுத்தினேன், சுவிட்ச் மேல் குத்தினேன். அது பாட்டுக்கு ஓடியது. குனிந்து பிளக் மூடியைப் பிடித்து இழுத்தேன். முழங்கை வரைக்கும் உதறி என்னைப் பின்னால் தள்ளியது. மின்சாரத்திலேயே சோறு தின்கிறவள், வெறுங்கையால் போய்ப் பிடித்தேன். கடைசியில் பெட்ரோல் குழாயை மூடினேன். ஆனால் கார்பரேட்டரில் மிச்சம் இருப்பது எரிந்து தீர வேண்டுமே. அதுவரை நிற்காது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எனக்கு அது ஒரு வருடம்.

நான் ஓடிப்போய் அம்மாவின் தோளைப் பிடித்தேன். உதடு அசைந்துகொண்டிருந்தது. காதை வைத்துக் கேட்டேன்.

"புள்ளைங்க தூங்கிட்டாங்க. அவங்க ஒண்ணும் பண்ணல. கடிகாரத்த நான்தான் கீழ போட்டேன். துடைக்கறப்ப கை தவறிடுச்சு. நான்தான்..."

அந்தக் கடிகாரத்தைப் போட்டு உடைத்தது நான். ஒன்பது வயதில், ஸ்டூல் மேல் ஏறி முள்ளைத் திருப்பப் போய் உடைத்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று முப்பத்திரண்டு வருடமாக நினைத்திருந்தேன். தப்பித்துவிட்டதாகக்கூடப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

பெட்ரோல் தீரப் போகும் சமயம் எஞ்சின் அடங்கவில்லை, ஏறியது. யாரும் முறுக்காமலே அது தானாக உறுமி உச்சத்துக்குப் போனது. அம்மா கண்ணை இறுக மூடி, முகத்தை மட்டும் கொஞ்சம் இடதுபக்கம் திருப்பிக் கொடுத்தாள். எந்தக் கன்னம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு நின்றது.

தெரு அவ்வளவு அமைதியாக இருந்தது. அம்மாவின் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. "அம்மா" என்றேன். "உள்ள வாம்மா" என்றேன். கையைப் பிடித்து இறக்கப் பார்த்தேன், இறங்கவில்லை. வேறு வழி தெரியவில்லை எனக்கு. வண்டியிலிருந்து சாவியை உருவி அவள் கையில் வைத்தேன். அவள் வாங்கிக்கொண்டு, தலை நிமிராமலே திரும்பி உள்ளே போனாள்.

நான் படியிலேயே உட்கார்ந்து தம்பிக்குப் போன் போட்டேன். வண்டி நிற்கமாட்டேன் என்றதைச் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை.

"அய்யோ அக்கா, அது பேட்டரி வண்டி இல்ல. எஞ்சின் ஓடினா அதுவே தீப்பொறி அடிக்கும். ஆஃப்ல வெச்சாத்தான் அந்த வயர் போய் வண்டி பாடியில சேரும், அப்பத்தான் அணையும். நீ ஆஃப்ல என்ன பண்ண?"

"கிரீஸ் வெச்சேன்."

"கிரீஸா? அப்புறம் எப்படி நிக்கும்? நம்ம அப்பாகிட்ட கேட்டிருந்தாக்கூடச் சொல்லியிருப்பாரு" என்றான். சொல்லிவிட்டு, அவருக்குத்தான் பேச்சில்லையே என்று அவனே சிரித்தான்.

அவர் சொல்லித்தான் இருந்தார். மத்தியானமே கட்டிலைத் தட்டித் தட்டிச் சொன்னார். பயம் என்று நினைத்து நான்தான் இன்னொரு விரல் அப்பினேன்.

பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. வேலை செய்கிற அந்தப் பாதி வாய் சிரித்துக்கொண்டிருந்தது. கண் பளபளத்தது. மூன்று வருடத்தில் அவரை அவ்வளவு தெம்பாக நான் பார்த்ததில்லை. இடது கை விரல் நான்கும் கட்டில் சட்டத்தைப் பிடித்து அழுத்தி விட்டன, அழுத்தி விட்டன. கிளட்ச் பிடிக்கிறார். ஊர்வலம் போகிறார் மனிதர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இரண்டு மூன்று மாதம் என்று டாக்டர் சொன்னாரே, நான் அதற்கு மேல் இரண்டைக் கூட்டிக் கொடுத்திருப்பேன்.

அம்மா கஞ்சிக் கிண்ணத்தோடு வந்தாள். கட்டிலோரம் உட்கார்ந்து ஊட்டினாள். ஒரு கரண்டி, ஒரு துடைப்பு. முகத்தில் எதுவும் இல்லை, கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். "அம்மா, நான் அவரைத்தான்..." என்று ஆரம்பித்தேன், மேலே வரவில்லை. அவள் கிண்ணத்தை வழித்து முடித்து, அவர் வாயைத் துடைத்து, எழுந்தாள். என்னைத் தாண்டிப் போகும்போது நின்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் காலைப் பார்த்தாள்.

"நாளைக்கும் நீ வண்டிய எடுப்பேன்னா எத்தனை மணிக்குன்னு மட்டும் சொல்லிடு பாப்பா. அதுக்கு முன்னாடி நான் சாப்பிட்டு முடிச்சுடறேன்."